ஜித்தாவிலிருந்து வந்த ஒரு சொல்

"ஒரு சாதாரண வாரத்தில் உங்கள் வேலை எப்படி இருக்கும்?" என்று ஆங்கிலத்தில் கேட்டேன்.

கேப்டன் ஷவ்கி டீயில் இன்னும் ஒரு கரண்டி சர்க்கரை போட்டுக் கலக்கினார். பிறகு அரபியில், "சாதாரண வாரம்னா எது? சட்டத்துல இருக்கிறதா, நம்ம மஹ்ரூஸ் போடுறதா?" என்றார்.

ஆங்கிலத்தில் சொல்லச் சொன்னேன். விமானிகளுக்கான ஆங்கிலத் தேர்வில் தேர்வாளர் அரபியில் கேட்கமாட்டார் என்றும் சொன்னேன்.

"இங்கிலீஷ்ல எனக்குப் பொய் சொல்ல வராதும்மா. அதுக்கெல்லாம் நிறைய சொல் தெரியணும்."

ஆனாலும் முயன்றார். சனிக்கிழமை பறக்கிறேன், ஞாயிற்றுக்கிழமை பறக்கிறேன் என்று வியாழன்வரை அதே வாக்கியத்தைச் சொல்லி நிறுத்தினார். வாக்கியம் கொஞ்சம் நீளமாக இருந்தால்தான் மதிப்பெண் வரும் என்றேன். நீளமாகச் சொன்னால் தேர்வாளருக்குத் தூக்கம் வந்துவிடும், தனக்குப் பதிலாக அவராவது தூங்கட்டுமே என்று சிரித்தார். விடுமுறை நாளைப் பற்றிக் கேட்டேன். அன்று வீட்டில் எல்லோரும் மெதுவாகப் பேசுவார்கள், அவர் தூங்குவதாக நினைத்துக்கொண்டு. அவர் கண்ணை மூடிக்கொண்டு, அவர்கள் மெதுவாகப் பேசுவதைக் கேட்டபடியே படுத்திருப்பார். இதை மட்டும் தப்பில்லாத ஆங்கிலத்தில் சொன்னார்.

அடுத்த கேள்வி, வேலையில் அவர் பயந்த ஒரு நேரம். எல்லா விமானிகளுக்கும் வரும் கேள்வி இது. எஞ்சின் நின்றது, பறவை மோதியது என்று ஏதாவது ஒரு கதை வைத்திருப்பார்கள்.

"டாக்டர் கையில பட்டையைச் சுத்திப் பிரஷர் பாக்குற நேரம்" என்றார், மறுபடியும் அரபியில். "எஞ்சின் நின்னா என்ன பண்ணணும்னு புத்தகம் இருக்கு. அந்தப் பட்டைக்குப் புத்தகம் கிடையாது."

நான் அதை ஆங்கிலத்தில் எப்படிச் சொல்வது என்று எழுதிக் காட்டிக்கொண்டிருந்தபோது அவருடைய போன் அடித்தது. விமானப் பணி அட்டவணை போடும் மஹ்ரூஸ். ஹுர்கதாவுக்குப் போகவேண்டிய விமானி வரவில்லையாம். ஷவ்கிக்கு அன்று அழைத்தால் மட்டும் வரவேண்டிய நாள். அவர் இரண்டு முறை சரி என்றார். போனை வைத்துவிட்டு மீதி டீயை நின்றபடியே குடித்தார்.

"குறிச்சுக்கோ, நெர்மீன். சாதாரண வாரம் ஆரம்பிச்சாச்சு."

நான் வேலை பார்த்த இடம் கெய்ரோவில் ஒரு தனியார் விமான நிறுவனம். அது இன்னும் நடக்கிறது, ஆகவே பெயர் வேண்டாம். அரபியையும் ஆங்கிலத்தையும் ஒரே பள்ளியில் படித்து வந்ததால் எனக்கு அங்கே ஒரு மேஜை கிடைத்தது. வரும் கடிதங்களை அரபியிலும் போகும் கடிதங்களை ஆங்கிலத்திலும் எழுதுவேன். இடையில் விமானிகளை மொழித் தேர்வுக்குத் தயார் செய்வேன். அதனால்தான் ஷவ்கியைத் தெரியும்.

அவர் மன்சூராக்காரர், மருந்துக்கடைக்காரரின் மகன். மெல்லிய மனிதர். சீருடைச் சட்டை அவர்மேல் ஒரு அளவு பெரிதாகவே இருக்கும். நஸ்ர் சிட்டியில் ஒரு பழைய அடுக்குமாடிக் கட்டிடத்தில் ஆறாவது மாடி. அதே கட்டிடத்தில் நீச்சல் சொல்லிக்கொடுக்கும் ஒருவரும், போனில் கூப்பிட்டால் வரும் வாடகைக் கார் ஓட்டும் ஒருவரும் இருந்தார்கள். எங்கள் ஊரில் இந்த இருவரையும்கூடக் கேப்டன் என்றுதான் கூப்பிடுவார்கள். வாயில்காப்போன் கீழே நின்று "கேப்டன்" என்று கத்தினால் மூன்று பால்கனியில் தலை தெரியும் என்று அவரே சொல்வார். அதிலும் கார் கேப்டனுக்குத்தான் மரியாதை அதிகமாம். அவர் தினமும் வீட்டுக்கு வருகிறாரே.

சில வருடங்களுக்கு முன் அவர் இதயத்தில் ஓர் அடைப்பு கண்டுபிடித்து, கம்பிவலை ஒன்றை வைத்துச் சரிசெய்திருந்தார்கள். ஒரு வருடத்துக்கு மேல் அவரைப் பறக்க விடவில்லை. அந்தக் காலத்தில் பால்கனியில் உட்கார்ந்து, மேலே போகிற ஒவ்வொரு விமானத்தையும் இது இன்னது, இன்ன ஊருக்குப் போகிறது என்று சொல்லிக்கொண்டே இருப்பாராம். கடைசியில் அவர் மனைவி இல்ஹாம் பால்கனிக் கதவுக்குத் திரை வாங்கிப் போட்டார். பிறகு ஒருவழியாக உரிமம் திரும்பக் கிடைத்தது, ஒரு நிபந்தனையோடு. ஆறு மாதத்துக்கு ஒரு முறை மருத்துவர் முன் நிற்கவேண்டும். இடையில் உடம்பு சரியில்லை என்று ஒரே ஒரு பறப்பை விட்டாலும் நேராக மருத்துவக் குழு. அந்தக் குழுவுக்குப் போய்த் திரும்பி வந்த இதய நோயாளி யாரையும் எனக்குத் தெரியாது. அவருக்கும் தெரியாது.

நல்ல விமானிகள் வளைகுடா நிறுவனங்களுக்குப் போய்க்கொண்டிருந்தார்கள். அவர்கள் விட்டுப்போன பறப்புகள் இருக்கிறவர்கள் தலையில் விழுந்தன. வளைகுடாவில் யாரும் கம்பிவலை வைத்த இதயத்தை எடுத்துக்கொள்ள மாட்டார்கள். ஷவ்கி எங்கேயும் போகமுடியாது என்பது அட்டவணை அறைக்குத் தெரியும். யாரை முதலில் கூப்பிடவேண்டும் என்று மஹ்ரூஸ் யோசித்ததே இல்லை.

சனிக்கிழமை ஹுர்கதா போய் வந்தார். ஞாயிற்றுக்கிழமை யாத்ரீகர்களோடு ஜித்தா. திரும்புகையில் அங்கே பெட்டிகளை ஏற்றுவதில் தாமதமாகி, அவருடைய அன்றைய பணிநேரம் சட்டம் அனுமதித்த எல்லையைத் தொட்டது.

இந்த இடத்தில் எங்கள் தொழிலில் ஒரு வழக்கம் இருக்கிறது. எல்லை தாண்டினால் விமானி பறக்கக்கூடாது. ஆனால் கேப்டன் தானே விரும்பினால் கொஞ்ச நேரம் நீட்டித்துக்கொள்ளலாம். அவர் விருப்பமாகவே இருக்கவேண்டும், யாரும் வற்புறுத்தக்கூடாது என்று சட்டம் தெளிவாகச் சொல்கிறது. அதனால் மஹ்ரூஸ் யாரையும் வற்புறுத்தியதில்லை. "உங்க விருப்பம், பாஷா" என்பார், மரியாதைக்குக் குறைவில்லாமல். அவ்வளவுதான். பிறகு பேசாமல் இருப்பார். போனில் அவர் மூச்சு மட்டும் கேட்கும். ஞாயிறும் ஷவ்கி விரும்பினார். செவ்வாய்க்கிழமை குவைத்திலும் விரும்பினார்.

நடுவில் திங்கட்கிழமை ஓய்வு இருந்தது. எஞ்சினை நிறுத்திய கொஞ்ச நேரத்திலேயே அந்த ஓய்வு தொடங்கிவிடும். ஊழியர் வண்டி முதலில் மாதி என்ற பகுதியில் இரண்டு பணிப்பெண்களை இறக்கிவிட்டு, ரிங் ரோட்டில் ஒரு கவிழ்ந்த லாரிக்குப் பின்னால் நின்றுவிட்டு, அப்புறம்தான் நஸ்ர் சிட்டிக்கு வந்தது. அந்த நேரமெல்லாம் அவர் ஓய்வெடுத்ததாகத்தான் கணக்கு. வீட்டில் மகளைப் பெண் கேட்டு வந்தவர்கள் உட்கார்ந்திருந்தார்கள். சீருடையோடு நுழைந்தவர் அவர்களோடு உட்கார்ந்து பேசிக்கொண்டிருந்துவிட்டு, மாப்பிள்ளையின் தகப்பனாரைப் பார்த்து "மேலே இருபத்தெட்டாயிரம் அடியிலதான் இருக்கோமா?" என்று கேட்டாராம். எல்லோரும் நகைச்சுவை என்று நினைத்துச் சிரித்தார்கள். இல்ஹாம் மட்டும் சிரிக்கவில்லை.

புதன்கிழமை அஸ்வான், சூரியன் எழுமுன் கிளம்பும் சுற்றுலாப் பறப்பு. அன்று மத்தியானம் நான் அவரைத் தாழ்வாரத்தில் பார்த்தேன். மொழித் தேர்வுக்கு எப்போது மறுபடி உட்காரலாம் என்று கேட்டேன். என்னைப் பார்த்தபடியே நின்றார். என் பெயர் அவருக்கு நினைவில் வரவில்லை என்று தெரிந்தது. பிறகு, "வெள்ளிக்கிழமைக்கு அப்புறம்மா" என்று சொல்லிவிட்டு நடந்தார்.

வியாழக்கிழமை மறுபடியும் ஜித்தா. அங்கே விமானம் வெயிலில் வெகுநேரம் நின்றது. யாத்ரீகர்கள் ஏறி உட்கார்ந்த பிறகு ஏதோ ஒரு பெட்டிக்கு ஆள் இல்லை என்று எல்லாப் பெட்டிகளையும் இறக்கி ஏற்றினார்கள். பணிநேரம் மறுபடியும் எல்லை தாண்டப்போகிறது. ஷவ்கி கெய்ரோவுக்குப் போன் செய்தார். அட்டவணை அறைக்கு வரும் எல்லா அழைப்புகளும் பதிவாகும். அந்தப் பதிவைப் பிறகு நான் காதில் மாட்டிப் பலமுறை கேட்கவேண்டி வந்தது. ஆகவே ஒரு எழுத்துக்கூட மாறாமல் சொல்லமுடியும்.

"மஹ்ரூஸ், முடியல."

"என்ன பாஷா, நீங்களே இப்படிச் சொன்னா எப்படி?"

"முடியல."

"உங்க விருப்பம்தான். நான் ஒண்ணும் சொல்லல. ஆனா ஜனங்க ஏறி உக்காந்தாச்சு."

"உக்காந்திருக்காங்க, அதனாலதான் சொல்றேன்."

மஹ்ரூஸ் வழக்கம்போலப் பேசாமல் இருந்தார். இந்த முறை ஷவ்கியும் பேசவில்லை. போனில் ஏதோ ஒரு விசிறியின் சத்தம் மட்டும் கேட்டது. பிறகு இணைப்பு அறுந்தது.

யாத்ரீகர்களை இறக்கி ஒரு கூடத்தில் உட்காரவைத்தார்கள். ஜம்ஜம் புனிதநீர்க் கேனைக் கட்டிப்பிடித்துக்கொண்டு ஒருவர், பைலட்டுக்குத் தூக்கம் வந்துவிட்டதாம், தலையணை கொண்டுபோய்க் கொடுங்கள் என்று கத்துகிற வீடியோ அன்று மாலைக்குள் எங்கள் அலுவலகத்தில் எல்லோர் போனிலும் இருந்தது. மறுநாள் ஷவ்கி வேறொரு விமானத்தில், கடைசி வரிசையில் பயணியாக உட்கார்ந்து ஊர் திரும்பினார். சீருடையில்தான் இருந்தார், மாற்றுத்துணி இல்லை. பக்கத்தில் இருந்த வயதான பெண் ஒருத்தி, முந்தின நாள் இறக்கிவிடப்பட்டவள், அவரை அடையாளம் கண்டுகொண்டு, "ஜன்னல் பக்கம் நீ உக்காருப்பா. சாஞ்சு தூங்கு" என்று எழுந்து இடம் கொடுத்தாளாம். திட்டினாளா, இரக்கப்பட்டாளா என்று தனக்குப் புரியவில்லை என்று என்னிடம் சொன்னார். அவர் ஜன்னல் பக்கம் உட்கார்ந்தார். தூங்கவில்லை.

சனிக்கிழமை இயக்கப் பிரிவு மேலாளர் ஹாஸிம் என்னைக் கூப்பிட்டார். எனக்குப் புதினா டீ வரவழைத்தார். விமானம் நிறுவனத்துக்குச் சொந்தமில்லை, வெளிநாட்டு நிறுவனம் ஒன்றிடம் குத்தகைக்கு எடுத்தது. அவர்கள் அந்தப் போன் பேச்சின் ஆங்கில மொழிபெயர்ப்பைக் கேட்டிருந்தார்கள். சிவில் விமானத் துறைக்கும் ஒரு பிரதி போகவேண்டும்.

மொத்தம் ஆறேழு வாக்கியம். அதில் கஷ்டமான சொல் ஒன்றுதான். எங்கள் பேச்சில் காய்ச்சல்காரனும் முடியல என்பான், மூட்டை தூக்கிக் களைத்தவனும் முடியல என்பான். ஆங்கிலத்தில் அப்படி ஒரு சொல் இல்லை. உடம்பு சரியில்லை என்று எழுதவேண்டும், அல்லது களைத்துப்போனேன் என்று எழுதவேண்டும். களைப்பு என்றால் விமானிமேல் குற்றமில்லை. அவரை ஏன் அவ்வளவு களைக்கவைத்தீர்கள் என்று நிறுவனம்தான் பதில் சொல்லவேண்டும், எல்லா விமானிகளின் பணிநேரத்தையும் எடுத்துக் காட்டவேண்டும். உடம்பு என்றால் நிறுவனத்துக்கு ஒன்றுமில்லை. ஷவ்கிக்கு மருத்துவக் குழு.

"இதுல என்ன குழப்பம்?" என்றார் ஹாஸிம். "உங்க அம்மா முடியலன்னா நீ டாக்டரைத்தானே கூப்பிடுவே?"

"விருந்தாளிங்க போனப்புறமும் அம்மா அதேதான் சொல்லுவாங்க, சார்" என்றேன்.

அவர் கோபப்படவில்லை. களைப்பு என்று போனால் குத்தகைக்கு விட்டவர்கள் விமானத்தைத் திரும்ப எடுத்துக்கொள்வார்கள், நிறுவனம் நிற்காது, இங்கே வேலை பார்க்கிற அத்தனை பேரும் தெருவுக்கு வருவார்கள் என்று பொறுமையாக விளக்கினார். அவர் சொன்னதில் பொய் இருந்ததாக எனக்குத் தோன்றவில்லை. அவர் வீட்டிலும் மூன்று பிள்ளைகள். ஷவ்கிக்கு எப்படியும் வயதாகிவிட்டது, இன்னும் எத்தனை நாள் ஓட்டுவார் என்றும் சொன்னார். அதை அவர் சொல்லாமல் இருந்திருக்கலாம்.

என் அறைக்கு வந்து பதிவைத் திரும்பத் திரும்பக் கேட்டேன். வெளியே வந்து மஹ்ரூஸிடம், நீங்கள் போனில் நேரடியாகக் கேட்டவர், உங்களுக்கு எப்படிப் பட்டது என்று விசாரித்தேன்.

"எனக்கா? விமானம் வரலைன்னு பட்டுது" என்றார் மஹ்ரூஸ். கிண்டலாகச் சொல்லவில்லை.

கடைசியில், என்னால் இயலவில்லை என்று பொருள்படும் ஒரு பொதுவான ஆங்கிலச் சொல்லை எழுதினேன். கீழே இரண்டு வரி சேர்த்தேன்: அரபிச் சொல் உடல்நலக்குறைவையும் களைப்பையும் ஒருசேரக் குறிக்கும், பேசியவர் எதைக் கருதினார் என்பதை அவரிடமே கேட்கவேண்டும். ஹாஸிம் படித்துவிட்டு, எவ்வளவு சுத்தமான வேலை என்று பாராட்டினார்.

இரண்டு வாரம் கழித்து ஷவ்கிக்கு மருத்துவக் குழுவிலிருந்து அழைப்பு வந்தபோதுதான், வெளியே அனுப்பப்பட்ட மொழிபெயர்ப்பில் என் இரண்டு வரியும் இல்லை என்று தெரிந்தது. இயலவில்லை இருந்த இடத்தில் உடம்பு சரியில்லை என்று இருந்தது. ஹாஸிமிடம் போய், இது நான் எழுதியதில்லை என்றேன்.

"நீ எழுதினதுதான். கொஞ்சம் சுருக்கியிருக்கோம்."

துறைக்கு நானே எழுதுகிறேன் என்றேன். எழுதவும் செய்தேன். பெற்றுக்கொண்டோம் என்று பதில் வந்தது. அதற்குமேல் ஒன்றும் வரவில்லை. ஷவ்கியிடமும் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் கேட்டுக்கொண்டு, "ஹாஸிமுக்கு மூணு பிள்ளைங்க" என்று மட்டும் சொன்னார். இதை அவருக்கு யார் சொன்னார்கள் என்று நான் கேட்கவில்லை. ஹாஸிமே போய்ப் பேசியிருக்கவேண்டும்.

குழுவில் மூன்று மருத்துவர்கள். அன்று ஜித்தாவில் நெஞ்சில் ஏதாவது உணர்ந்தீர்களா என்று கேட்டார்கள். களைப்பு மட்டும்தான் என்று சொல்லிவிட்டு வாருங்கள் என்று முந்தின நாள் அவர் மனைவியும் சொல்லியிருந்தார், நானும் சொல்லியிருந்தேன். அவர் சொன்ன பதில் இது:

"நெஞ்சுல என்னமோ இருந்துச்சு. அஞ்சு நாளா தூங்காதவன் நெஞ்சுல என்னமோ இருக்கத்தானே செய்யும்."

அவர்கள் முதல் வாக்கியத்தை எழுதிக்கொண்டார்கள். இரண்டாவதைச் சொன்னபோது பேனா அசையவில்லை, பார்த்துக்கொண்டுதான் இருந்தேன் என்றார். ஏன் அப்படிச் சொன்னீர்கள் என்று கேட்டேன். அரபியிலும் பொய் சொல்ல வராதா என்று கேட்க நினைத்து, கேட்கவில்லை. அவர் தோளை உயர்த்தினார்.

"இருந்துச்சா இல்லையான்னு அவங்க கேட்டாங்க. யோசிச்சுப் பாத்தேன். இருந்த மாதிரிதான் இருந்துச்சு."

உரிமம் போனது. இந்த முறை நிரந்தரமாக. மரியாதையாக ஒரு வழியனுப்பு விழா நடந்தது, மாலை போட்டார்கள், கேக் வெட்டினார்கள், ஹாஸிம் பேசும்போது குரல் தழுதழுத்தது. அது நடிப்பில்லை, அதுதான் எனக்குச் சகிக்கமுடியாமல் இருந்தது. மகளைப் பெண் பார்த்த வீட்டார், தகப்பனாருக்கு இதயத்தில் கோளாறு, பெண்ணுக்கும் இருக்கலாம் என்று யாரோ சொல்லக்கேட்டு மெல்ல நழுவிவிட்டார்கள். ஷவ்கி விட்டுப்போன பறப்புகளை மஹ்ரூஸ் மற்றவர்களுக்குப் பிரித்துக்கொடுத்தார். ஜித்தா வழி இன்னொரு வயதான கேப்டனுக்குப் போனது. அவருக்குச் சர்க்கரை இருந்தது. வளைகுடாவில் அவரையும் எடுக்கமாட்டார்கள்.

கோடை தொடங்கியபோது ஷவ்கி கணக்கை முடிக்க அலுவலகத்துக்கு வந்தார். சாதாரணச் சட்டையில் அவரை முதலில் அடையாளம் தெரியவில்லை. கொஞ்சம் சதை போட்டிருந்தார். நன்றாகத் தூங்குகிறீர்களா என்று கேட்டேன். தூக்கம் வருவதில்லை என்றார். வீட்டில் இப்போது யாரும் மெதுவாகப் பேசுவதில்லையாம், தொலைக்காட்சியைச் சத்தமாக வைக்கிறார்களாம், அது நல்லதுதான் என்றார். மொழித் தேர்வு இனிமேல் எழுதவேண்டாம், அது ஒரு லாபம் என்றார். நான் சிரிக்க முயன்றேன்.

பிறகு எழுந்துபோய்க் கதவைச் சாத்திவிட்டு வந்து, நாற்காலியை என் மேஜைக்கு அருகே இழுத்துப் போட்டுக்கொண்டார். என் கணினிப் பக்கத்தில் தொங்கிக்கொண்டிருந்த ஹெட்போனைப் பார்த்தார்.

"அன்னிக்கு நான் பேசினது உன்கிட்ட இன்னும் இருக்கா?"

இருந்தது. கொஞ்ச நாளில் தானாக அழிந்துவிடும். யாருக்கும் போட்டுக்காட்டக் கூடாது என்று எழுதி என்னிடம் கையெழுத்து வாங்கியிருந்தார்கள்.

"டாக்டருங்க கேட்டாங்க. ஹாஸிம் கேட்டான். இல்ஹாம் தினமும் கேக்குறா, உடம்புக்கு முடியாமப் போச்சா, இல்ல களைச்சுப்போச்சான்னு. எதைச் சொன்னேன்னு எனக்கே தெரியல, நெர்மீன். அந்த வாரமே எனக்கு ஞாபகம் இல்ல. என் குரலைக் கேட்டா எனக்குத் தெரிஞ்சுடும். ஒரே ஒரு தடவை போடும்மா."